வழக்கு

லியூப்லியானாவிலிருந்து வந்திருந்த யெர்னெய்
கோட்டின் உள்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.
சீட்டுக்கட்டு அளவு. நீல அட்டை.
"இது எங்கள் அரசியலமைப்பு. உங்களுடையது?"

ஹோல்போர்னில் இரவு ஒன்பது மணி மழை.
என் பையில் இருந்தவை:
ஒரு குடை, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம்,
இளஞ்சிவப்பு நாடாவில் கட்டிய நாளைய விசாரணைக் குறிப்புகள்.
இருபத்தாறு வருடமாக நான்
எழுதாத ஒன்றை வாசித்துத்தான் வாடகை கட்டுகிறேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, சரி.
எங்களிடம் ஏடே இல்லை,
கறி மட்டும் பல நூறு வருடமாய்க் கொதிக்கிறது.

இல்லை என்றால் அதுவும் பொய்.
துண்டு துண்டாய் இருக்கிறது:
கன்றுத்தோலில் அச்சான ஒரு சட்டம்,
ஒரு தீர்ப்பின் நாற்பத்தோராம் பத்தி,
ஓய்வுபெறும் நாளில் யாரோ ஒரு செயலர்
அடுத்தவருக்கு எழுதிவைத்த கடிதம்.
மிச்சமெல்லாம்
செய்யாவிட்டால் முகத்தில் விழிக்க முடியாது என்பதால்
மனிதர்கள் செய்துவருபவை.

"சட்டத்துக்கு ஒப்புதல் தர அரசர் மறுக்கலாமா?"
மறுக்கலாம்.
"மறுத்திருக்கிறாரா?"
முந்நூறு வருடமாக இல்லை.
"அப்படியானால் தடுப்பது எது?"
காபியைக் கலக்கினேன்.
முந்நூறு வருடமாக இல்லை என்பதுதான்.

யெர்னெய் சிரிக்கவில்லை. நானும்தான்.

என் முதல் வேலை ஒரு ஒற்றையடிப் பாதை.
டர்பிஷயர், வர்க்ஸ்வர்த் பக்கம்;
ஆல்சாப் என்றொரு பண்ணைக்காரர் கதவு வைத்துப் பூட்டிவிட்டார்.
இருபது வருடம் ஊர் நடந்திருந்தால்,
ஒளியாமல், அனுமதி கேளாமல், சண்டையில்லாமல்,
அது பாதை.
தபால்காரி வந்து சாட்சி சொன்னாள்.
நாயின் பெயரில் ஆண்டுகளை எண்ணும் ஒருவர் சொன்னார்:
"பிஸ்மத் காலத்திலும் நடந்தோம், டாஃபி காலத்திலும்."
வரைபடத்தில் கோடு இல்லை.
கோடு கிழித்தவை கால்கள்.
பூட்டு கழன்றது. எனக்கு இருபத்தைந்து வயது,
எல்லாப் பூட்டும் அப்படித்தான் கழலும் என்று நினைத்தேன்.

எல்லோரும் செய்யும்வரை வழக்கம்.
ஒருவர் நிறுத்தியதும் வழக்கு.
இரண்டும் ஒரே வேர்;
அந்த வேரடியில்தான் என் சோறு.

நாளைய எதிராளி அமைச்சர் ஹால்டேன்.
அவை அவர்மேல் நம்பிக்கை இல்லை என்று வாக்களித்தது.
அப்படியானால் போய்விடுவது வழக்கம்; போகவில்லை.
மறுநாள் காலை ஃப்ளீட்வுட் படகுச் சேவையை
ஒரு கையெழுத்தில் நிறுத்தினார்.
நிருபர்கள் கேட்டதற்குச் சொன்னார்:
"நான் விலக வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?"
யெர்னெய் மரியாதையாய்க் கேட்ட அதே கேள்வி.
அவர் வாயில் அது பூட்டு.

நான்கு மணிநேரம் பேசினேன்.
முன்பு விலகியவர்கள் பதினொரு பேரை வரிசையாய் நிறுத்தினேன்;
ஒருவர் மனைவியின் பிறந்தநாள் விருந்துக்கு நடுவே எழுந்து போனவர்.
நீதிபதி ஒக்கென்டன் கண்ணாடியைக் கழற்றினார்:
"இப்படி ஒரு வழக்கம் உண்டு. எனக்கு அதில் ஐயமே இல்லை.
அதை நிறைவேற்றித்தரும் கை இந்த மன்றத்துக்கு இல்லை."

தோற்றோம். செலவுத்தொகையும் எங்கள் தலையில்.
வாசலில் படகோட்டி ரிம்மர் கேட்டார்:
"நீங்கள் சொன்னது உண்மை என்றாரே, பிறகு எப்படித் தோற்றோம்?"
பதில் எண்பது பக்கம்.
அவர் ரயிலுக்கு எட்டு நிமிடம்.

ஞாயிறன்று வர்க்ஸ்வர்த் போனேன்.
ஆல்சாப்பின் கதவு துருப்பிடித்துத் திறந்தே கிடந்தது.
யாரும் தடுக்கவில்லை; யாரும் நடக்கவும் இல்லை.
பாதையில் காஞ்சொறி இடுப்புவரை.
காலுறையைத் தாண்டிக் கடித்தது.
கடைசிவரை நடந்தேன்.
பேருந்து அந்தப் பக்கம்தான் நின்றது,
இருந்தும் திரும்பி
அதே வழியில் இன்னொரு முறை மிதித்து வந்தேன்.