அரிக்கேன்

பெட்டியைக் கொடுத்தவருக்கு மேலண்ணம் கிடையாது.
அறுத்து எடுத்திருந்தார்கள்.
சில்சாரிலிருந்து மூன்று ரயில் மாறி வந்தவர்,
காந்தி ரோட்டு லாட்ஜில் பதினோரு வாரம்.
நான் பல் கட்டும் லேபில் இருக்கிறேன்.
அவர் வாயின் கூரையை
அக்ரிலிக்கில் செய்தது நான்.

மாட்டியதும்,
மூக்கு வழியே ஓடிப்போகாமல் வந்த முதல் சொல்:
ஹரிக்கேன்.
விளக்கா, என்றேன்.
இங்கே அரிக்கேன் என்றால் மண்ணெண்ணெய், திரி,
கரி பிடித்த கண்ணாடிக் கூண்டு.
அவர் இல்லையென்று இரண்டு கையும் விரித்து
நாற்காலியோடு ஒரு பக்கம் சாய்ந்தார்.
விழப்போகிறார் என்று பிடித்துக்கொண்டேன்.

ஊருக்குப் போகிற அன்று
என் மேசையில், பிளாஸ்டர் தாடைகளுக்கு நடுவே
அட்டைப்பெட்டி.
எழுபத்திரண்டில் ஒரு பங்குச் சண்டை விமானம்,
கிளை கிளையாய்ச் சாம்பல் பிளாஸ்டிக்கில்.

தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊருக்கு ஒரு பட்டியல் உண்டு.
அப்துல்லாபுரத்தில் ஓடுதளம் போட்டபின்
விமானமில்லாததையும்
ஆட்டோக்காரர்கள் அதில் சேர்த்துக்கொண்டார்கள்.
எனக்கு ஒன்று வந்துவிட்டது,
சத்துவாச்சாரி மூன்றாம் மாடியில்,
சாப்பாட்டு மேசையில் விரித்த பழைய காலண்டர் மேல்.

மே மாதம்.
ஃபேன் போட்டால் சக்கரக் கதவு பறக்கிறது.
போடாவிட்டால்
மூக்கு நுனி வியர்வை இறக்கையில் சொட்டுகிறது.
பெயின்ட், தூரிகையிலேயே காய்ந்து நூல் இழுக்கிறது.
உடம்பின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில்
முதுகு நெடுக ஒரு படி,
கடி சேராத தாடை மாதிரி.
அது என் தொழில். அரத்தால் இறக்கினேன்.

வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு இருக்கக்கூடாது.
பர்மாப் பக்கம் பறந்தவற்றில்
வெளிர்நீலம் பூசி மூடினார்களாம்.
எதிரியின் சின்னமும் சிவப்பு,
அவசரத்தில் சொந்த ஆளே சுட்டுவிடுவான் என்று.
அண்ணம் பொருந்தும் முன்
அவர் நோட்டில் எழுதிக் காட்டியது இது.
பறந்தவர்களில் நம் ஆட்களும் உண்டு, என்றும்
அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்.

ஆகவே பைலட்.
சுண்டுவிரல் நகத்தளவு மனிதன்.
'தோல் நிறம்' என்று காகிதம் சொன்ன டப்பாவைத் திறந்தால்
ஈறு.
நான் தினமும் பிசையும் அதே ஈறு நிறம்.

மேல்வீட்டு நூருல்லா
ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் ஃபினிஷிங்.
இருமல் மருந்து மூடிகளில்
இரண்டு பழுப்பு கொண்டுவந்தான்.
"இது ஷூவுக்குப் போறது, இது பெல்ட்டு.
எந்த ஊர் ஆளுக்கா இவரு?"
எனக்கென்ன தெரியும்.
ஷூவில் இரண்டு சொட்டு, பெல்ட்டில் ஒன்று,
ஒரு துளி ஈறு.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
கன்னம், பிறகு மூக்கு.
கண் வைக்கத் துணியவில்லை.
நூருல்லா லென்ஸில் பார்த்து,
"எங்க மேல்விஷாரம் மாமா மாதிரி இருக்காரு,
கடன் கேட்டா இப்படித்தான் உக்காந்திருப்பாரு" என்றான்.

கரும்பச்சை, மண்பழுப்பு, வயிற்றுக்குச் சாம்பல்.
எல்லாம் முடிந்து
கண்ணாடிக் கூண்டை ஒட்டும்போதுதான்
கரண்ட் போனது.
செல்போன் வெளிச்சத்தில்
கைக்குக் கிடைத்தது லேபின் அவசரப் பசை.
காலையில் பார்த்தால்
கூண்டு முழுக்க வெள்ளை.
பசையின் ஆவி உள்ளே படிந்து
மே மாத வேலூரில் பனி.
வெளிப்பக்கம் என்றால் பியூமிஸ் போட்டுத் தேய்த்து
பல் மாதிரி மின்ன வைத்திருப்பேன்.
உள்பக்கம்.

அப்படியே படம் எடுத்து
சில்சாருக்கு அனுப்பினேன்.
சின்னத்துச் சிவப்பு போனதை
அவர் கவனிப்பார் என்று நினைத்திருந்தேன்.
இரவு ஒன்பதரைக்கு
ஐந்து விநாடிக் குரல், இந்தியில்:
"பைலட் எங்கே?"

திரும்பப் போட்டுக் கேட்டேன்.
அந்தப் 'பை'யில்
காற்று கசியவில்லை.