முழுப் பேர்

யூரியாச் சாக்கில் கழிவுத்தூள் அடைத்து
கோயில் மண்டபத்து இரும்புக் குறுக்கில் தொங்கவிட்டாள் பிலோமினா.
குத்தினால் தேயிலை மணக்கும்.
முதல் மாதம் குத்தவே விடவில்லை.
"நில்லு" என்றாள்.
கூடையில்லாத முதுகோடு எப்படி நிற்பதென்று
எனக்கு மறந்திருந்தது.
கயிறு இழுத்த பழக்கத்தில்
நாடி முன்னே துருத்தி நின்றது.
"உள்ளே வை.
அது உன்னுடையது, ஊருக்குக் காட்டாதே."

என்னைவிட மூன்று மாதம் இளையவள்.
கொட்டாஞ்சேனை ஜிம்மில் தரை துடைத்த நாலு வருஷம்
துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு
பார்த்தே படித்தவள்.
ஏறிய சண்டை ஏழு. வென்றது ஒன்று.
அந்த ஒன்றைச் சொல்லேன் என்று கேட்டால்
மற்ற ஆறைத்தான் சொல்வாள்,
எந்தக் கால் எங்கே பிசகியது என்று.

காலை நாலரை.
பனி லயத்துத் தகரத்தை விட்டு இறங்காத நேரம்
பொகவந்தலாவை ரோட்டு மூன்றாம் வளைவில்
டார்ச்சோடு நிற்பாள்.
"மூக்கால் மூச்சு."
மறுநாளும் அதேதான்.
மழைக்கென்று தனிச் சொல் அவளிடம் இல்லை.
மாவட்டத்தில் நான் ஜெயித்து வந்த மறுநாளுக்கும் இல்லை.

தராசென்றால் எனக்குப் பயம்.
மடுவத்தில் இருபது கிலோ நிறுத்தால்
ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று போய்
பதினேழு;
அரைப் பேர்.
கொழும்பில் நாற்பத்தேழரையில் முள் நின்றது.
நாற்பத்தேழரை என்றே எழுதினார்கள்.
திரும்பி அவளைப் பார்த்தேன்.
"இங்கே கழிக்கிறது
கயிற்றுக்குள்ளே போன பிறகு" என்றாள்.

இரண்டாம் வருஷ இறுதிச் சண்டை.
புள்ளியில் நான்தான் முன்னே.
இடது கண் மூடிவிட்டது,
அந்தப் பக்கமிருந்து வந்தவை
வந்த பிறகே தெரிந்தன.
இன்னும் நாற்பது விநாடி.
துவாலை பறந்துவந்து
என் காலடியில் விழுந்தது.

ரயிலில் ஹட்டன்வரை பேச்சில்லை.
நாவலப்பிட்டியில் வடை வாங்கிக்
கடதாசியோடு ஜன்னலோரம் வைத்தாள்.
வட்டவளைக்குள் ஆறிப்போயிற்று.

பிறகும் பேசவில்லை, பதினோரு மாதம்.
ஓடினேன்.
வளைவில் டார்ச் இருந்தது.
"மூக்கால் மூச்சு."
பதில் சொல்லாமல்
மூக்கால் மூச்சு விட்டேன்.

கண்டி ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டர்
"இன்னும் ஒரு குத்து விழுந்திருந்தால்" என்று தொடங்கி
கையை மட்டும் விரித்தார்.
அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.
மறுநாள் வளைவில் நின்று
"பேட்டரியை மாத்து, மங்குது" என்றேன்.
"சரி" என்றாள்.

பட்டம் வாங்கிய இரவு
கடைசி இடைவேளை அறுபது விநாடி.
தண்ணீர். வாளி. முகத்தில் ஒரு துடைப்பு.
"நாடி."
அவ்வளவுதான் சொன்னாள்.
அதை உள்ளே வைத்துக்கொண்டு மூன்று நிமிஷம்
நானாகவே சண்டை போட்டேன்.
"முனியாண்டி சந்திரமலர்" என்று
மொழி தெரியாத அறிவிப்பாளர் தடுக்கித் தடுக்கி
ஓர் எழுத்து விடாமல் வாசித்தார்.
முழுப் பேர்.
மூலையில் அவள் குனிந்து
துவாலையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

இப்போது பட்டம் நான்கு.
முதலாவதைக் கொண்டுவந்த அன்று
பொடியன்கள் மெடலை மடுவத் தராசில் மாட்டினார்கள்.
முள் அசையவே இல்லை.
ஒரே சிரிப்பு.
பிறகு என்னையே கொக்கியில் தொங்கவிட்டார்கள்,
காலை மடக்கிக்கொண்டு தொங்கினேன்.
"நாப்பத்தொம்பது!" என்று கத்திய நிறுவைக்காரர்
பென்சிலைக் காதிலிருந்து எடுத்து
"ஈரத்துக்கு ரெண்டு கழிக்கவா?" என்றார்.
எல்லாரும் சிரித்தார்கள், நானும்.
பிலோமினா சிரிக்கவில்லை.

"உள்ளதை எழுது" என்றாள்.
அவர் எழுதும்வரை
அங்கேயே நின்றாள்.