இன்னும் காட்டுக்குள்

ஹெக்ஸம் ஆஸ்பத்திரி. இரவு இரண்டு மணி.
"அவர் இன்னும் காட்டைவிட்டு வெளியே வரவில்லை"
என்றார் டாக்டர்.
கண்டம் தாண்டவில்லை என்பதை
இங்கிலீஷில் அப்படித்தான் சொல்வது.

ஹெஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
முப்பத்தொரு வருஷம்
கீல்டர் காட்டில் மரம் எண்ணியவன் க்ளிஃபர்ட்.
சூப் ஆறுகிறதென்று
காட்டோரம் காரை நிறுத்தி
ஹாரன் அடித்து அடித்துத்தான்
அவனை வெளியே எடுப்பாள்.
வந்த பிறகும் தலைமுடியில் ஊசியிலை.

விடிந்ததும் வேறொரு டாக்டர், சின்னப் பெண்.
எதையும் சுற்றி வளைக்கவில்லை.
"இறந்துவிட்டார், மிஸஸ் சார்ல்டன்."

அவன் கோட்டை வாங்கிக்கொண்டாள்.
பைக்குள் ஒரு ஸ்ப்ரூஸ் காய்,
அணில் தின்ற மிச்சம்.

காரில் ஏறி உட்கார்ந்தவள்
சாவி போடவில்லை.
ஒரே ஒரு தடவை,
நீளமாக,
ஹாரன் அடித்தாள்.