உருளைக்கிழங்குத் தராசு

சிலோயே தீவில் அன்றிரவு படகு இல்லை.
கால்வாயின் குறுக்கே காற்று
காலை நீட்டிப் படுத்துவிட்டது.
யசேனியா அக்கரையில்,
சால்மன் ஆலையில் இரவு வேலை.
இக்கரையில் நானும்
ஏழு மாத ராயெனும்
முப்பத்தெட்டரை டிகிரியும்.

மூன்று கம்பளி சுற்றி வைத்திருந்தேன்.
"கழற்றுங்கள்," என்றார் செவிலி ஒர்டென்சியா, தொலைபேசியில்.
"மெல்லிய சட்டை ஒன்று போதும்.
பிள்ளையா, அடுப்பில் வைத்த ரொட்டியா?"
நெஞ்சில் தேய்க்கச் சொல்லி
எதிர்வீட்டு எட்டெல்வினா தந்த சாராயத்தை
"நீங்கள் குடியுங்கள். அதுவும் நாளைக்கு."

எடை என்ன என்றார்.
மருந்து எடையைப் பார்த்துத்தானாம்.
கொட்டிலில் உருளைக்கிழங்கு நிறுக்கும் தராசு.
மண்ணைத் தட்டி, துண்டு விரித்து,
மகளை வைத்தேன்.
துண்டு போக ஏழு கிலோ அறுநூறு.
கிழங்கு வாசனைக்கு ஒரு தும்மல் போட்டாள்.
மருந்தின் அளவை
மூன்று முறை என் வாயால் சொல்லவைத்தார்.

"இனி மூச்சை எண்ணுங்கள்.
அழாதபோது. முழு நிமிடம்."

படகு எஞ்சின் பழுதுபார்ப்பவன் நான்.
எந்த வால்வு இருமுகிறதென்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
இவளிடம் மானி இல்லை, முள் இல்லை.
சட்டையைத் தூக்கி
விலாவின் கீழே தோல் உள்வாங்குகிறதா என்று
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
இல்லை.
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு,
கூரைத் தகரம் அடித்துக்கொண்டதில்
கணக்கு தவறியது.
மறுபடி.
நாற்பத்து நான்கு.

ஐம்பதைத் தொட்டால் உடனே கூப்பிடுங்கள்,
கடற்படையை எழுப்பியாவது வருகிறோம் என்றிருந்தார்.
அந்த ஆறு மூச்சு அகலத்தில்தான்
இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

மூக்கில் உப்புநீர் இரண்டு சொட்டு.
கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
யசேனியா பிழிந்து வைத்திருந்த பாலைக்
கரண்டி கரண்டியாய்.
பாதி என் சட்டையில்.

நாலரை மணிக்கு
என் தொடையில் வெதுவெதுவென்று ஏதோ பரவியது.
மாலையிலிருந்து வராதது
வந்திருந்தது.
நனைந்த துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
அடுப்படியில் நின்று
தனியாய்ச் சிரித்தேன்.

முதல் படகில் வந்தாள்,
ஆலை பூட்ஸைக்கூடக் கழற்றாமல்.
வாசலிலேயே, "எவ்வளவு?"
"நாற்பது," என்றேன்.
சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்சு," என்றேன் அவசரமாய்,
"மூச்சு, யசேனியா.
நிமிடத்துக்கு."