பாதிக் கோவா

கேட்டவர்களுக்கெல்லாம்
வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறேன்.
கந்தோரில் கேட்டபோது
சோடாப் போத்தல் விற்கிற விலையைச் சொன்னேன்.
நிஹாராவுக்கு, வயிற்றுக்கு நல்லதாம் என்று.
டோகாவிலிருந்து அவர் வீடியோவில்
அலமாரியில் என்ன அது வரிசையாய் என்றபோது
"இஞ்சி" என்றேன்.
அதற்குள் லைன் போய்விட்டது.

நடந்தது இதுதான்.
ஒரு செவ்வாய்க்கிழமை, கறண்ட் இல்லாத நேரம்
பாதிக் கோவா வாடிப்போய்க் கிடந்தது.
ஒரு ஆளின் கறிக்கு
பாதிக் கோவாவும் அதிகம்.
எறிய மனம் வரவில்லை.
அரிந்து, உப்பிட்டுப் பிசைந்து,
ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் அமத்தி,
மேலே கழுவின கல் ஒன்றை வைத்தேன்.
உப்புவெளியில் இருந்துகொண்டு
உப்புக்குக் கடைக்குப் போகிறவள் நான்.
அன்றைக்குக் கை தவறிக் கூடிப்போயிற்று.

மூன்றாம் நாள் அது சத்தம் போட்டது.
மீன் வாய் திறந்து மூடுவதுபோல
சின்னதாய் ஒன்று.
வேலையால் வந்து கதவைத் திறக்க
வீட்டில் என்னைத் தவிர இன்னொன்றும்
மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

இதைக் கந்தோரில் எப்படிச் சொல்வது?
அதுவும் காணிக் கந்தோர்.
நான் முத்திரை குத்தும் கோப்புகள்
பதினேழு வருஷமாய் வைத்த இடத்தில் இருக்கின்றன.
நாளைக்கு வாங்கோ என்று சொல்லியே
என் குரல் தட்டையாகிவிட்டது.
காத்திருந்ததற்கு நுரை வந்ததை
இந்த அலமாரியில்தான் முதல்முதலாய்க் கண்டேன்.

பிறகு இஞ்சி. பிறகு அன்னாசித் தோல்.
பிறகு வினாகிரிக்கென்று
தவறணையால் தவராசலிங்கம் வாங்கித் தந்த
அரைப் போத்தல் கள்ளு.
("வினாகிரிக்கோ?" என்று அவர் சிரித்த சிரிப்பு
ஒழுங்கை முழுக்கக் கேட்டது.)
கன்னியாவில் ஏழு கிணற்றுக்கும் ஏழு சூடு.
என் குசினியும் அப்படித்தான் என்று கண்டுபிடித்தேன்:
ஜன்னலடியில் ஐந்து நாள் எடுப்பது
பிறிட்ஜுக்குப் பின்னால் மூன்று நாளில் முடியும்.
கச்சான் வீசினால் எந்தக் கணக்கும் சரிவராது.

அந்தக் கச்சான் மாதத்தில்தான் ஒருநாள்
மூடிகளை இறுக்கிவிட்டுப் படுத்தேன்.
இரவு இரண்டு பத்துக்கு
முதல் போத்தல் வெடித்தது.
பிறகு ஒன்று.
பிறகு இரண்டு சேர்ந்து.

ஒழுங்கையில் ஒரு விளக்கும் எரியவில்லை.
எரிந்துகொண்டிருந்தவை அணைந்தன.
நாய்கூடக் குரைக்கவில்லை.
எல்லா வீட்டிலும் எல்லாரும்
நிலத்தோடு நிலமாய்க் கிடப்பது
சுவருக்கு இப்பாலிருந்தே எனக்குத் தெரிந்தது.
நானும் கிடந்தேன்,
இஞ்சித் தண்ணி குசினி வாசலால் ஊர்ந்து வந்து
முழங்கையை நனைக்கும்வரை.

நக்கிப் பார்த்தேன்.
நல்ல பதம்.

ஜன்னலைத் திறந்து கத்தினேன்:
"போத்தல்! என்ர போத்தல்! இஞ்சி!"
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு டொறின் அக்கா வீட்டிலிருந்து
"விசரி" என்று ஒரு குரல்.
பிறகு ஒவ்வொரு விளக்காய்.

நிஹாராவின் மகன் அஸ்ஜத்துக்குப் பதினாலு வயசு.
அவன் மட்டும் என்ன சத்தம் என்று பார்க்க
ஜன்னலுக்குப் போனானாம்.
நீங்கள் எல்லாரும் ஏன் படுத்தீங்கள் என்று
விடிய விடியக் கேட்டானாம்.
நிஹாரா அதைச் சொல்லிவிட்டு
கண்ணாடித் துண்டு கூட்ட விளக்குமாறை எடுத்தாள்.
போகும்போது ஒரு கிளாஸ் கேட்டாள்.
"ஒரு நாள் வைத்ததைத் தா.
நாலு நாள் வைத்தது எங்களுக்கு வேண்டாம்."

படலையில் இரண்டு மான் நின்று
கோவாவின் வெளியிலைகளைத் தின்றுகொண்டிருந்தன.
அவற்றை விலக்கிக்கொண்டு தவராசலிங்கம் வந்தார்.
சிரிக்கவில்லை.
பேப்பரில் சுற்றி ஏதோ கொண்டுவந்திருந்தார்.
பிரித்தால்,
பாதிக் கோவா.

"உப்பு எவ்வளவு போடவேணும்?" என்றார்.
தெரியாது என்றேன்.
அன்றைக்குக் கூடிப்போச்சு.
அவ்வளவு போடுங்கோ.