பெட்டிக்குள்ள

ஒண்ணாந்தேதியிலிருந்து பத்தாந்தேதி வரை
என் பேர் கேபிள்.
கொசப்பேட்டை, சைதாப்பேட்டை, அப்புறம் மலையடிவாரம்.
நூற்றெண்பது ரூபாய், பச்சை அட்டை, ஒரு கிறுக்கல்.
கதவிடுக்கில் ஒரு கை வரும்,
பணம் வரும்,
கை போய்விடும்.

இந்த மாதம் முழு ஆளாக வந்தார்கள்.
"இன்னாத்துக்கு மாத்தனீங்க அந்த ஆள?"

பத்தொன்பது வருஷமாக ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு
எங்கள் லோக்கல் சேனலில் 'எந்தப் பெட்டி?'
மூன்று அட்டைப்பெட்டி, ஒரு மேசை,
பின்னால் பாத்திரக்கடை விளம்பரம்.
நடத்துகிறவர்கள் நாலு பேர் மாறினார்கள்,
நாய்கூடக் கேட்கவில்லை.
முகமே காட்டாத தணிகாசலம் மட்டும்
திரைக்கு அந்தப் பக்கமிருந்து
"பெட்டிக்குள்ள" என்பார்.
நிறுத்துவார்.
ஊரே கொஞ்ச நேரம் நிற்கும்.
அப்புறம்தான்
"என்ன இருக்கு?"

தாட்சாயணி தோசைத் திருப்பியோடு வாசலுக்கு வந்தாள்.
"அவரு நிறுத்தற எடத்துல நான் தோசைய திருப்பிப்பேன்.
இவன் நிறுத்தவே மாட்டேன்றான்,
ரெண்டு வாரமா வெந்தும் வேகாமயும் துன்றோம்."

ரஹ்மத்துன்னிசா சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.
"அந்தக் குரல் வந்தா எங்க ஊட்டுக்காரர் வாயை மூடுவாரு.
வாரத்துல எனக்குன்னு கெடச்ச அரை மணி அது."

சுபேதார் ஏகாம்பரம், பென்ஷன் வாங்கிய கையோடு:
"தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை.
இந்த ஊருக்கு அதோட போதாதாய்யா?"

தணிகாசலம் திருப்பதி பஸ் ஸ்டாண்டில்
பஸ் பேர் படிக்கிறார் என்றான் ஒருவன்.
தொண்டையில் கட்டி, டோக்கன் வரிசையில்
என் கண்ணால் பார்த்தேன் என்றான் இன்னொருவன்.
அவர் மாதம் முந்நூறு ரூபாய் கூடக் கேட்டார்.
அவ்வளவுதான் நடந்தது.

ஆஸ்பத்திரி எதிரே லாட்ஜ், மூன்றாம் மாடி.
கல்கத்தாக்காரர், மகளோடு எட்டு மாதமாய்.
அவருக்குத் தெரிந்த தமிழ் இவ்வளவுதான்:
"பெட்டிக்குள்ள", ஒரு நிறுத்தம், "என்ன இருக்கு?"
ரிப்போர்ட் கவரைப் பிரிக்கும் முன்
அதே அளவு நிறுத்திச் சொல்வாராம்,
மகள் சிரிப்பாளாம்.
டிவியைக் காட்டினார், தன் தொண்டையைத் தொட்டார்,
கையை விரித்தார்.
நானும் விரித்தேன்.
அந்த அறைக்கு மட்டும் பணம் கேட்க வாய் வரவில்லை.

ஒன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை.
மண்டித் தெருவில் அரிசிக் கடைக்கு மேலே
அந்தத் திரைக்குப் பின்னால் இப்போது நிற்பது நான்தான்.
"தெருத்தெருவா கத்தறதான, இதையும் கத்து" என்றார்
ஓனர் முனிரத்தினம். பெட்ரோலுக்கு நூறு ரூபாய்.

கஜலட்சுமி ஆற்றமாட்டாமல் சொன்னாள்:
"கேபிள்காரரே, அவன் குரலு
உங்க குரல் மாதிரியாவது இருந்தா பரவால்ல."
கிறுக்கிக் கொடுத்தேன் அட்டையில்.

அடுத்த ஞாயிறு.
"பெட்டிக்குள்ள" என்றேன்.
நிறுத்தினேன்.
ஃபேன் சத்தம். கீழே யாரோ மூட்டை இறக்கும் சத்தம்.
ஒரு தோசை புரண்டிருக்கும்.
ஒரு வீட்டில் ஒருவர் வாயை மூடியிருப்பார்.
மூன்றாம் மாடியில் ஒரு கவர், ஓரம் கிழிபடாமல்.
அதைப் பிரிக்கச் சொல்லும் மீதி இரண்டு வார்த்தை
என் நாக்கிலேயே இருந்தது.
இருந்துகொண்டே இருந்தது.
ஓனர் போன் பண்ணிக் கேட்டார், கரண்ட் போச்சா என்று.

மறு மாதம் ஒண்ணாந்தேதி.
"கேபிள்" என்றேன்.
தாட்சாயணியின் கை வந்தது, பணம் வந்தது,
உள்ளேயிருந்து குரல் வந்தது:
"அந்தப் புது ஆளாண்ட சொல்லுங்க,
இவ்ளோ நேரமா நிறுத்துவான் ஒருத்தன்?
தோசை கருகுது."