பத்து மணிக்கு விரிவது

குவாரி லொறி வளைவில் சிந்திவிட்டுப் போன
கருங்கல் பன்னிரண்டு.
ஒலுமடுச் சந்தியிலிருந்து சைக்கிள் கரியரில்
ஒவ்வொன்றாய் வந்தன.
பெரிய கல் மூன்றை அரைவாசி புதைத்தேன்.
முளைத்த கல் மாதிரி இருக்கவேணும்,
வைத்த கல் மாதிரி அல்ல.

இடையில் கிரவல், கொஞ்சம் ஆற்றுமணல்,
ஒரு பிடி சாணித்தூள். அதற்கு மேல் வேண்டாம்.
கொழுத்த மண்ணில் இதுகள் இலையாகவே படுத்துவிடும்.

வெயில் குத்துகிற மேற்கில்
பத்துமணிப் பூவின் நுனி நாலு.
நடைபாதை ஓரம் பொடுதலை.
கல்லிடுக்கில் விஷ்ணுகிரந்தி;
அதை மீன்ரின் பேணியில் ஈரச்சாக்குச் சுற்றி
வேலையிடத்தில், துப்புரவான பக்கத்திலிருந்து
கிளப்பிக்கொண்டு வந்தேன்.

"றோசா வையன், மல்லிகை வையன்,
இது மாடு மிதிக்கிற பூண்டெல்லோ"
என்றா பக்கத்து வளவு அருந்தவராணி.
நிமிர்ந்து நிற்கிறவளுக்கு அது பூண்டுதான்.

நான் முழங்காலில் நிற்கிறவள்.
ஆறே முக்காலுக்கு முகக்கவசம், கனத்த மேலங்கி.
ஒரு மீட்டர் அகலம் எனக்குரிய நிலம்.
முதலில் கத்தரிக்கோல், பிறகு கருவி, பிறகு சுரண்டி.
பிறகுதான் சிவப்புத் தடி
பத்துச் சென்ரிமீட்டர் முன்னால் போகும்.

நீலம் முகத்துக்கு நேரே விரியும்,
சட்டைப் பொத்தானை விடச் சின்னது.
இரண்டு மூச்சு பார்ப்பேன்.
தரையோடு வெட்டுவேன்.
வேர் எதைச் சுற்றிப் பிடித்திருக்கிறதென்று
அதற்கும் தெரியாது,
எனக்கும் அந்த நேரம் தெரியாது.

வீட்டுப் பூவை நான் கண்டது குறைவு.
போகும்போது கூம்பியிருக்கும்,
வரும்போது சுருண்டிருக்கும்.
ஞாயிறும் போயாவும்தான் எனக்குப் பூத்தன.
மற்ற நாளெல்லாம்
படலையடியில் ரியூப் ஒட்டுகிற இவர்
சிகரெட் பெட்டி மட்டையில் எழுதி வைப்பார்:
செவ்வாய் 14.
புதன் 9, மூட்டம்.
வியாழன் ஆடு வந்தது.

மாசியோடு காசு முடிந்ததாம். கடிதம் வந்தது.
முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே வாசகம்,
பெயர் மட்டும் வேறு.
என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

இன்று புதன், பத்து மணி.
தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நிற்கிறேன்.
சிவப்பு, மஞ்சள், கத்தரிப்பூ நிறம்,
கல்லே தெரியாமல் விரிந்து கிடக்கிறது.
"இருபத்தாறு" என்றார் இவர், தலை நிமிராமல்.
கடைக் கொப்பியில் பன்னிரண்டாயிரம் நிற்கிறது.
வடிவு என்று சொல்ல
வாய் வரவில்லை.

பொடுதலை ஒன்று கல்லைத் தாண்டிப்
பாதைக்கு வந்திருந்தது. கணுவுக்குக் கணு வேர்.
கத்தரிக்கோலுக்குப் போன கை
பழக்கத்தில் முதலில் தரையைத் தடவியது.
முழங்காலில் இருந்தேன்.
கல்லை இரண்டு கையாலும் பிடித்து
பத்துச் சென்ரிமீட்டர்
முன்னால் வைத்தேன்.